கம்பளை நயினாரின் கையெழுத்தைப் பார்த்த நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதுவதென்றால் கை கூசுகிறது. ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை எங்கே முடிப்பதென்று தெரியாமல் நிற்பேன். ஞாபகமும் முன்போல இல்லை. ஆண்டுகள் மாறி வரலாம், ஆட்கள் சொன்னது முன்பின்னாக வரலாம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நூலகத்து ஆண்டு மலரைத் தொகுக்கிற ஆசிரியை வீட்டுக்கு வந்து, "பழைய ரெக்கோட்டுக்கு இப்ப திரும்பவும் ஆக்கள் அலையிறாங்க மாமி. பாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதெண்டா இன்னும் மதிப்பு. அதுல நல்லது எது, கள்ளம் எது எண்டு பார்த்த ஆள் நீங்கதானே. எழுதித் தாங்க" என்றார். மூன்று முறை மறுத்தேன். நாலாவது முறை வந்தபோது, "அப்ப மஸாஹிறா டீச்சர்கிட்டக் கேக்கட்டா? அவவும் அங்க வேலை செஞ்சவவாமே" என்றார்.

அன்று பின்னேரமே எழுதக் கொப்பி வாங்கிவிட்டேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகுதான் நான் அந்த வேலைக்குப் போனேன். கல்முனையில் தபால் காக்கா என்று ஒருவர் ரெக்கோட் கடை வைத்திருந்தார். தபால் கந்தோரில் மணியோடரும் பென்சனும் கொடுக்கிற இடத்தில் முப்பது வருஷம் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். பென்சன் எடுத்ததும் மனைவியின் வீட்டு முன் அறையைக் கடையாக்கிக்கொண்டார். புயலில் கூரை போய், இசைத்தட்டெல்லாம் சேறும் தண்ணீருமாகக் கிடந்தன. கழுவ ஆள் தேடினார். வாப்பா மௌத்தாகி, உம்மாவும் நானும் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் இருந்தால் போதும், ஆண்களுக்கு முன்னால் வரத் தேவையில்லை என்று அவர் சொன்னதால் உம்மா போக விட்டார்.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளை லேபல் என்போம். அதில் தண்ணீர் படாமல் ஒரு ரப்பர் வட்டத்தை அமர்த்தி, சவர்க்கார நீரில் துணியைத் தோய்த்து, கோடு ஓடுகிற பக்கமாகவே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் பாட்டு இரையும். இப்படி நூற்றுக்கணக்கில் துடைத்தேன். ஒருநாள், ஒரே பாடகர் கையெழுத்துப் போட்ட இரண்டு தட்டுகள் கையில் வந்தன. திரைக்குள் இருந்தபடியே, "காக்கா, இந்த ரெண்டையும் ஒரே ஆள் எழுதல்ல" என்றேன். அவர் வந்து பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இது நடக்கிது, இது நொண்டுது" என்றேன். அவ்வளவுதான் என் படிப்பு. அடுத்த மாதமே கழுவுகிற வேலையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஜன்னலோரம் பூதக்கண்ணாடியோடு உட்கார வைத்தார்.

அந்தக் காலத்தில் சவூதி, குவைத் போய் வந்தவர்கள் வீட்டு அலுமாரியில் அலங்காரமாக வைக்க இப்படிக் கையெழுத்துள்ள தட்டுகளை வாங்கினார்கள். கொழும்பிலிருந்து வழக்குப் பேசுகிற ஒரு புறக்டரும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் சேகரிக்கிறவர். கம்பளை நயினார் என்ற பாடகரின் தட்டுகள்தான் அவருக்கு உயிர். நயினார் அப்போதே மௌத்தாகி விட்டார். ஆகவே புதிதாகக் கையெழுத்துக் கிடைக்காது, பழையதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். தேடுகிறவர்கள் கூடினால் கள்ளமும் கூடும்தானே.

நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் கையெழுத்தை வாசிக்கக் கூடாது. தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அது பெயராகத் தெரியாது, கோலமாகத் தெரியும். தன் பெயரை எழுதுகிறவனுக்கு யோசனை இல்லை, கை ஓடும். ஓடுகிற இடத்தில் மெலியும், வளைகிற இடத்தில் தடிக்கும். பார்த்து எழுதுகிறவன் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாகப் போவான், இடைக்கிடை நிற்பான். நின்ற இடத்தில் ஒரு பொட்டு இருக்கும். இரண்டாவது, காலை வெயிலில் சரித்துப் பிடிக்க வேண்டும். போல்பொயின்ற் பேனை தாளில் வாய்க்கால் வெட்டும். மைப்பேனை வெட்டாது, ஊறும். மூன்றாவது, நடுத் துளையைச் சுற்றியுள்ள கீறல்கள். தட்டைப் பிளேயரில் போடும்போது நடுக்கம்பி லேபலைக் கீறும். கையெழுத்து அந்தக் கீறலுக்குக் கீழே இருந்தால் பழையது. மை கீறலுக்குள் இறங்கியிருந்தால், தட்டு தேய்ந்த பிறகு எழுதியது. புதுத்தட்டில் வாங்கிய கையெழுத்து என்று யாரும் சொன்னால் அங்கேயே பிடிபடும்.

நயினாருக்கு மட்டும் நாலாவதாக ஒன்று இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, தபால் காக்காவுக்கும்கூட. நயினார் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். எல்லோரும் இடமிருந்து வலம் இழுப்பார்கள். அவர் வலமிருந்து இடம் இழுத்திருந்தார். பேனை முதலில் தாளைத் தொட்ட இடத்தில், வலது கரையில், ஒரு மைத்துளி தடிப்பாக இருக்கும். இடது கரையில் வால்போல மெலிந்து போகும். ஓதப் பள்ளியில் பலகையில், வலமிருந்து இடம் போகிற அரபு எழுத்தை முதலில் பழகியவர்களின் கை அப்படித்தான் போகும். என் கையும் அப்படித்தான். அவரும் தமிழுக்கு முன் ஓதத்தான் பழகியிருக்க வேண்டும். கள்ளக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயரை அச்சாக எழுதினார்கள், கோட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

தபால் காக்காவின் குணத்தையும் சொல்ல வேண்டும். தட்டைக் கொண்டுவந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் பிளேன்டீ வரும். குடித்து முடியும்வரை பதில் வராது. கள்ளம் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். நான் திரைக்குள்ளிருந்து இல்லை என்று தலையை ஆட்டினால், அவர் வெளியே போய், "இத அன்பில வேற ஆரோ எழுதி இரிக்காங்க. வீட்டுல வச்சுக் கேளுங்க, பாட்டு நல்ல பாட்டு" என்பார். வந்தவர் வெட்கப்படாமல் போவார். நல்லதாக இருந்தால் உறைக்குள் ஒரு சீட்டு வைப்பார். "பார்த்தோம், சரி" என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போடுவார். பார்த்தது நான். ஆனால் என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே சீட்டில் என் பெயரைப் போட நானும் கேட்கவில்லை.

அப்படி நாலு வருஷம் போனது. பிறகு மஸாஹிறா வந்தாள்.

சம்மாந்துறைப் பிள்ளை. ஓ லெவல் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் உழவு மெசின்கள் ரோட்டை அடைத்து பஸ் பிந்தி வரும். அப்போதும் அவள் வேர்க்காமல் இறங்குவாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தபால் காக்காவுக்குக் கண்ணில் படலம் விழத் தொடங்கியதால் சீட்டு எழுத அவளை எடுத்தார். அவள் எழுத்து அச்சு வைத்தாற்போல. முதல் சீட்டைப் பிடித்து அவர் வெயிலில் பார்த்துச் சிரித்தார். நாலு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருநாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"மஸாஹிறா, கீழ உன்ட கையெழுத்தையே போடு. எனக்குக் கண் மங்குது" என்றார்.

அன்றிலிருந்து நான் பார்ப்பேன், அவள் போடுவாள். கொழும்புக்குப் போன சீட்டெல்லாம் அவள் பெயரில் போயின. ஒருமுறை புறக்டர் முன் அறையில் காக்காவிடம் விசாரித்தது எனக்குத் திரைக்குள் கேட்டது. "காக்கா, இந்தச் சீட்டு எழுதின ஆர்? என்ன முத்தான எழுத்து. கையெழுத்துப் பார்க்கிறதும் இவதானே?" தபால் காக்கா பிளேன்டீயை உறிஞ்சினார். மஸாஹிறாதான், "இல்ல, பார்க்கிறது உள்ள இரிக்கிற ஆசியா ராத்தா" என்று அக்கா முறையில் என் பெயரைச் சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு அவளில் கோபப்பட ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மீன்பொரியலில் பாதியை என் பீங்கானில் வைப்பாள். "ராத்தா, நயினார்ட கையெழுத்த மட்டும் எப்படி ஒரு பார்வையில சொல்றீங்க?" என்று கேட்பாள்.

"பழக்கம்" என்பேன்.

"எனக்கும் பழக்குங்களன்."

"ஓ லெவலில அது படிப்பிக்கல்லையா?"

அவள் சிரிப்பாள். குத்தினாலும் சிரிக்கிறவளோடு என்ன செய்வது? நான் கோட்டின் விஷயத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்தேன். என்னிடம் அவளுக்கு இல்லாததாக இருந்தது அது ஒன்றுதான்.

தபால் காக்கா ஹஜ்ஜுக்குப் போக நினைத்திருந்தார். போகுமுன், கையெழுத்துப் பார்த்துச் சீட்டும் போடுகிற பொறுப்பை ஒருவரிடம் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மஸாஹிறாவுக்கு எழுத்து இருந்தது, எனக்குக் கண் இருந்தது. அவர் யாரென்று சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் அவள் வீட்டுத் தட்டு வந்தது.

அவள் உம்மா சல்மா ராத்தா, வீட்டில் சிறுபிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவர். அவர் கலியாணத்துக்கு நயினார் வந்து பாடினார் என்றும், மாப்பிள்ளை வாங்கிவைத்த புதுத்தட்டில் கையெழுத்துப் போட்டுப் பொண்ணுக்குக் கொடுத்தார் என்றும் சொல்வாராம். ஊர்ப் பெண்கள் நம்புவதில்லை. "சல்மாட கலியாணத்துக்கு நயினாரும் வந்தாரு, நிலாவும் இறங்கி வந்திச்சு" என்று கேலி பண்ணுவார்களாம். மஸாஹிறா அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஒருநாள் தட்டைக் கொண்டுவந்தாள். விற்பதற்கு அல்ல. "பார்த்து ஒரு சீட்டுப் போட்டுத் தாங்க காக்கா. உம்மா அதக் கண்ணாடி போட்டு வைக்கட்டும். கதைக்கிற வாயெல்லாம் மூடட்டும்" என்றாள். அன்று புறக்டரும் வந்திருந்தார்.

"தன்ட வீட்டுச் சாமானத் தான் பார்க்கப்படாது. ஆசியா பார்க்கட்டும்" என்றார் தபால் காக்கா. பிளேன்டீக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். தலைகீழாகத் திருப்பினேன். நீலப் போல்பொயின்ற். ஒரே தடிப்பு. நாலு இடத்தில் நின்று நின்று போயிருந்தது. நடுக்கம்பிக் கீறல்களின் மேலால் மை ஏறியிருந்தது. கோடு இடமிருந்து வலம் இழுபட்டிருந்தது. பார்த்து எழுதியது. என் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியதை மறைக்க மாட்டேன்.

வெயிலில் சரித்தேன். நீலத்துக்கு அடியில் ஒரு பழுப்பு தெரிந்தது. புயல் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன மைப்பேனை மை. நீலம் அதன் மேலேயே நடந்திருந்தது. ஆனால் கோட்டின் வலது கரையில் நீலம் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால், தனியாக, ஒரு பழுப்பு மைத்துளி. தடித்த துளி. அங்கிருந்துதான் பழைய கோடு இடப்பக்கம் புறப்பட்டிருந்தது.

அடியில் இருந்தது நயினாரின் கை. அது வெளிறியதும் யாரோ மேலால் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

முன் அறையில் கரண்டி கிளாசில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரைக்கு வந்தேன். தலையை ஆட்டினால் போதும், காக்கா தன் வழமையான சொல்லைச் சொல்லியிருப்பார். நான் ஆட்டவில்லை. திரையை விலக்கி, ஆண்கள் இருந்த அறையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினேன்.

"கள்ளம்."

தபால் காக்கா கிளாசை வைத்துவிட்டார். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணில் படலம். நீலம் மட்டும்தான் தெரிந்திருக்கும். "போல்பொயின்ற்தான் கிடக்கு" என்றார் மெதுவாக. புறக்டர் மற்றப் பக்கம் திரும்பி ஒரு உறையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ட உம்மா பொய் சொல்லமாட்டா" என்றாள் மஸாஹிறா.

"உம்மாவச் சொல்லல்ல. தட்டச் சொன்ன."

"அப்ப வேற என்ன சொன்னீங்க ராத்தா?"

அவள் தட்டை உறையில் போட்டு, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை.

நாலைந்து நாள் கழித்துச் சல்மா ராத்தாவே வந்தார். தபால் காக்கா மதியம் லுஹர் தொழப் போயிருந்தார். திரைக்குள் வந்து, பாயில் இருந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"மகளுக்குத் தெரியா தங்கச்சி. நான்தான் மேலால எழுதின. புயலில நனைஞ்சு மங்கிப் போச்சு. பிள்ளைகள்ட பலகையில எழுத்து மங்கினா நாங்க மேலால ஒருக்கா எழுதிக் குடுப்பம்தானே, ஓதுற பிள்ளைக்குத் தெரியணுமெண்டு. அப்பிடித்தான் இதையும் எழுதின. அழிய விட்டா அவர் வந்ததே இல்லாமப் போயிருமெண்டு பயந்த. அது பிழையா?"

அதைக் கேட்டதும் எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஓதிக் கொடுக்கிற வீட்டில் எழுத்தை மங்க விடமாட்டார்கள். அந்தக் கை அந்தப் பழக்கத்தில்தான் போயிருக்கிறது. தமிழ்ப் பெயரைப் பார்த்து எழுதி வந்த கை, கோட்டையும் அதே பக்கமாக, இடமிருந்து வலம் இழுத்திருக்கிறது. கையெழுத்து என்பது மங்கினாலும் தொடக்கூடாத சாமான் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"பிழைதான் ராத்தா. இனி அதுக்குச் சீட்டுப் போட ஏலா" என்றேன்.

"சீட்டு வேணாம். புறக்டரும் வேணாம். அடியில அவர்ட எழுத்துக் கிடக்கா, இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

ஒரு சொல்தான் கேட்டார். ஓம் என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் அவர் மகளிடம் சொல்வார், மகள் தபால் காக்காவிடம் வருவாள், காக்கா என்னைப் பார்ப்பார். பிறகு சீட்டும் கண்ணாடியும் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

"தெரியல்ல ராத்தா" என்றேன்.

அவர் தட்டை உறைக்குள் போட்டார். "உங்களுக்கே தெரியல்ல எண்டா..." என்றார். பிறகு, என்னிடம் கேட்பதுபோல் இல்லாமல், "அவர் வந்தவர்தானே? வெள்ளைச் சட்டைதானே போட்டிருந்தவர்?" என்றார். நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் எழும்பிப் போனதை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கலியாணக் கதையை யாரிடமும் எடுத்ததில்லை என்று சம்மாந்துறையிலிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். கேலி பண்ணியவர்களும் நிறுத்திவிட்டார்களாம். கதை இல்லாமல் எதைக் கேலி பண்ணுவது?

பொறுப்பு எனக்கு வந்தது. "பார்த்தோம், சரி" என்று எழுதி, என் கையெழுத்தைப் போடப் பழகினேன். எண்பதுகளின் கடைசியில், எல்லோரும் கசெட்டுக்கு மாறி, ஊர்க் குழப்பமும் கூடி, கடை மூடப்பட்டது. அதுவரை எத்தனையோ சீட்டுப் போட்டேன். ஒவ்வொரு சீட்டையும் எழுதி முடித்ததும், மஸாஹிறா இதை எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பேன். அவளுடைய எழுத்துத்தான் அழகு. தபால் காக்கா ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற கிழமை ஒரு தடவை கேட்டார்: "ஆசியா, அண்டைக்கு ஏன் அந்தச் சொல்லச் சொன்ன?" வாய் தவறிவிட்டது என்றேன். அவர் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மஸாஹிறா ஆசிரியையாகி, அதிபராகிப் பென்சனும் எடுத்துவிட்டாள். உம்மாவின் வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அங்கேதான் இருக்கிறாள். சல்மா ராத்தா மௌத்தானபோது நானும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வசனத்தைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் என்னைக் கண்டதும் மஸாஹிறா எழும்பி வந்து கையைப் பிடித்து, "இவ்வளவு தூரம் வந்தீங்களா ராத்தா" என்று அழுதாள். எனக்கு இருக்கக் கதிரை எடுத்துப் போடச் சொன்னாள். நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் எனக்கு முந்தி. கட்டிய வசனத்தைச் சொல்லாமல், அலுமாரிக் கண்ணாடிக்குள் அந்தத் தட்டு நின்றதைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் கண் நல்லாக இருக்கிற யாராவது, நான் எழுதியதைச் சரிபார்த்துத் தர வேண்டும். நயினார் எந்த ஆண்டு சம்மாந்துறைக்கு வந்தார், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மஸாஹிறாவிடம் கேட்டு அந்தத் தட்டையும் ஒருமுறை வெயிலில் சரித்துப் பாருங்கள். நீலத்தை விட்டுவிட்டு, கோட்டின் வலது கரைக்கு அப்பால் பாருங்கள். நாற்பது வருஷமாகிவிட்டது. நான் கண்டது அங்கே இருக்கிறதா, அல்லது பிறகு என் மனம்தான் அதை வைத்ததா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. இல்லாமல் இருந்தால் நல்லது என்று மனதில் ஒரு பக்கம் இன்னும் சொல்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். இருந்தால், அவள் உம்மா பொய் சொல்லவில்லை என்று அவளிடமே சொல்லுங்கள். யார் அனுப்பியது என்று கேட்பாள். ஆசியா என்று சொல்லுங்கள்.